நான் கத்தவில்லை, உன் அப்பா ஓடவில்லை

ஏலே மாரி, கோழி கிண்டின எழுத்தாக இருக்கிறதே, யார் போட்ட கடிதம் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. உன் அம்மாதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதினால் இப்படித்தான் இருக்கும். எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நாலு நாள் ஆனது; படிக்க நீ அரைமணி நேரம் ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ சிரிக்கிறாய். தப்பு உன்மேல் இல்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உன்னைக் கேலி பண்ணியே வளர்த்தவள் நான். பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொன்னால்கூட, "சும்மா சொல்லாதம்மா" என்பாய். எழுதிப் போடு, எழுத்தில் இருந்தால் நம்புவான் என்று உன் அப்பாதான் யோசனை சொன்னார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லி உயிரை வாங்குகிறார். அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று போகப் போகத் தெரியும்.

நீ பிறந்ததைப் பற்றி நம் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. உனக்கு இரண்டும் மனப்பாடம். உன் அம்மா ஊசி மருந்து எதுவும் இல்லாமல், வாயைத் திறந்து ஒரு சத்தம் போடாமல் உன்னைப் பெற்றாள் என்பது ஒன்று. நீ பூமிக்கு வந்த நேரத்தில் உன் அப்பா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார் என்பது இன்னொன்று. முதல் கதையைப் பெருமைக்குச் சொல்வாய், இரண்டாவதை அப்பாவைச் சீண்டச் சொல்வாய். ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பார். உன் அப்பா டீ குடித்து நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? இருபது வருஷம் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தாயே, காலையும் மாலையும் அவருக்குச் சுக்குக் காபிதானே போட்டுக் கொடுத்தேன். டீ வாடையே ஆகாத ஆள், உன் பிறப்பு அன்றைக்கு மட்டும் எப்படி டீ குடித்தார் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இரண்டு கதையும் பொய், ராசா. பொய்யைக் கட்டியவள் நான். உன் அப்பா அதில் பங்காளி.

இத்தனை வருஷம் ஓடிய பொய், இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். உன் பெண்டாட்டியின் வளையல்தான் அதை நிறுத்தியது. போன மாதம் வளைகாப்பு அன்றைக்கு நீ பந்தி விசாரித்துக்கொண்டு அலைந்தாய். நான் அடுப்படியில் நின்றேன். நந்தினி கன்னத்துச் சந்தனம் காயாமல், கை நிறைய வளையலோடு உள்ளே வந்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கட்டா? ரொம்ப வலிக்குமா?" என்றாள். நான் சும்மா இருப்பேனா? "வலிக்காம? பிள்ளை பெறுறது என்ன, குச்சி ஐஸ் உறிஞ்சுற வேலையா?" என்றேன். அவளும் சிரித்தாள். "நான் கத்திருவேன் அத்தை. தடுப்பூசி போட்டதுக்கே நர்ஸு கையைக் கிள்ளி வச்சிட்டேன்" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சாம்பார் வாளிக்கு வந்த நீ, "எங்கம்மா வாயே தொறக்கல, தெரியும்ல? நீயும் அப்படித்தான் பெறணும்" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு உன் பாட்டுக்குப் போய்விட்டாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவா அத்தை?" என்றாள். கேலி இல்லாமல் ஒரு பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான், "ஆமா தாயி" என்றேன்.

அவள் இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்து அணைத்து, வளையல் ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வயிற்றுப் பிள்ளை கேட்கட்டும் என்றுதானே அத்தனை பேர் வந்து வளையல் அடுக்குகிறோம்? அந்தச் சத்தத்தைக்கூட வெளியே விடாமல் அமுக்கிப் பழகத் தொடங்கிவிட்டாள் பெண். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ திருப்பூரிலிருந்து போன் போட்டு, "ஊசி கீசி ஒண்ணும் வேண்டாம், இயற்கையாத்தான் பெறணும்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன்மா. உன் பேரைத்தான் சொன்னேன்" என்றாய். செல்போனில் நாலு வீடியோ பார்த்தவன், அதற்கு மேல் என் பேரையும் வைத்து முத்திரை குத்திவிட்டாய். அன்றைக்குத்தான் இதை எழுத உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்தேன்.

இயற்கைப் பிரசவம் என்று இப்போது நீங்கள் ஒரு பேர் வைத்திருக்கிறீர்கள். நான் பெற்றபோது அதற்குப் பேரே கிடையாது. நான் அதைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. குடை இல்லாதவள் நனைந்துகொண்டு வந்தால், அவள் மழையைத் தேர்ந்தெடுத்தாள் என்றா சொல்வாய்? இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தாய் இல்லை. நான் சமைந்த வருஷமே அவள் போய்விட்டாள். அதனால் நம் புதுப்பட்டி வீட்டிலேயே இருந்தேன். உன் அப்பா வெடிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. அதே கம்பெனியில் நான் சரம் பின்னுகிறவள். தீபாவளி சீசன் நெருங்குகிற ஆவணி மாதம், வீட்டில் தனியாக உட்கார்ந்து உத்தரத்தை எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அங்கே போனால் நாலு பேர் இருப்பார்கள், பேச்சு இருக்கும். போர்மேன் அண்ணாச்சியிடம் ஏழு மாசம் என்று புளுகிவிட்டு, சேலையை அகலக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிடுவேன். உண்மையில் ஒன்பது முடிந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

நீ நம் ஊரில் வளர்ந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திருப்பூரில் இருந்து இருந்து மறந்திருப்பாய். வெடிக் கம்பெனிக்குள் யாரும் கத்த மாட்டார்கள். சிரிக்கலாம், கிசுகிசுக்கலாம், புருஷனைத் திட்டலாம், எல்லாம் அடங்கின குரலில். ஒரு ஆள் வாய்விட்டுக் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்ன ஏது என்று கேட்கிற வேலை கிடையாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எந்த வாசல் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் வழியே ஓட வேண்டும். வெளியே போய், தூரம் போய், அப்புறம்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு அறைக்கும் எதிரும் புதிருமாக வாசல் வைத்திருக்கிறது. தேள் கொட்டியும் ஒருத்தி முணுமுணுத்துத்தான் அழுதாள். அப்படிப் பழகிய தொண்டை எனக்கு.

காலையில் ஒரு எட்டரை இருக்கும், முதல் வலி வந்தது. உனக்கு உண்மையைச் சொல்கிறேன், முதலில் பயம் வரவில்லை. "இதென்ன புதுசா இருக்கே" என்றுதான் தோன்றியது. இடுப்புக்குப் பின்னால் யாரோ ஒரு நூலைப் போட்டு இரண்டு பக்கமும் முன்னால் இழுத்துச் சுருக்குகிற மாதிரி. வயிறு மூட்டை மாதிரி கட்டியாகிவிடும். பத்து எண்ணுவதற்குள் நூலைத் தளரவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். அந்தப் போய்விடுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். போன வலி எங்கே போய் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறது? பல் வலி, தலை வலி எல்லாம் வந்தால் கூடவே குடியிருக்கும். இது மட்டும் ஏன் போய்ப் போய் வருகிறது? நடுவில் கிடைக்கிற நேரத்தில் எனக்குப் பசித்தது. காராச்சேவு தின்ன வேண்டும் போல இருந்தது. இன்றைக்கு வரைக்கும் பிள்ளை பெற்ற யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன், "நடுவுல உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று. ஒருத்தி தூங்கிவிட்டேன் என்றாள். ஒருத்தி மாமியார் மேல் இருந்த கோபம் எல்லாம் ஞாபகம் வந்தது என்றாள். ஒருத்திக்கு நடுவே இடைவெளி என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. ஒருவருக்கு வந்த மாதிரி இன்னொருவருக்கு வருவதில்லை, மாரி. இதை மட்டும் நன்றாகக் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

நான் வேலையை நிறுத்தவில்லை. இரண்டு இரண்டு வெடியாகத் திரியைச் சேர்த்து நூலால் முடிந்து முடிந்து சரம் நீளும். ஜோடியை எண்ணிக்கொண்டே போனால் வலி எப்போது வரும் என்று பார்க்கலாமே என்று ஒரு விளையாட்டு. முதலில் அறுபது ஜோடிக்கு ஒரு தரம் வந்தது. அப்புறம் நாற்பத்தைந்து. வலி வரும்போது பல்லைக் கடிப்பேன், கை தானாக இறுகும், வலி விட்டதும் கை தளரும். எனக்கு எதிரில் பேச்சியம்மா மதினி உட்கார்ந்திருந்தாள். நாலு பெற்றவள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சரத்தைப் பார்த்தாள்.

"என்ன தாயி, உன் சரம் பாம்பு இரை முழுங்குன மாதிரில்ல இருக்கு?" என்று இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். விரலால் தடவிக்கொண்டே போனாள். "இங்கன இறுகிக் கிடக்கு. இந்தா, அறுபது ஜோடி ஒழுங்கா இருக்கு. மறுபடி இறுகிக் கிடக்கு. அப்புறம் நாப்பத்தஞ்சு. அப்புறம் முப்பது. அப்புறம் பன்னெண்டு..." விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அடிப் பாதகத்தி! உனக்கு வலி கண்டு மூணு மணி நேரம் ஆச்சுடி!" என்றாள். இத்தனையும் கிசுகிசுப்பில். கத்தக் கூடாதே!

என் பிரசவ அவசரம் முழுக்க மெதுவாகத்தான் நடந்தது என்றால் நம்புவாயா? மதினி எழுந்து, சேலையை உதறி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்து போர்மேனிடம் போய்க் காதில் சொன்னாள். ஓடக் கூடாதே! அவர் நிதானமாக நடந்து என்னிடம் வந்தார். "ஏழு மாசம்னுதானம்மா சொன்னே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "கணக்குல கொஞ்சம் பிசகிருச்சு அண்ணாச்சி." "ரெண்டு மாசமா பிசகும்?" அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. அந்தச் சரம் அங்கேயே கிடந்தது. அதையும் யாரோ முடித்து, பெட்டியில் போட்டு, லோடு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். எந்த ஊரில் எந்த வாசலில் யார் வெடித்தார்களோ! சீராக வெடித்துக்கொண்டே வந்து, திடீரென்று நாலு ஒன்றாக வெடித்து, மறுபடி சீராகி... இது என்னடா சரம் என்று யாராவது யோசித்திருப்பார்களா? உன் பிறப்பு ஏதோ ஒரு ஊரில் வெடித்திருக்கிறது, லே. தீபாவளிக்குத் தீபாவளி அதை நினைத்துக்கொள்வேன்.

கம்பெனி வேனில் நான், மதினி, பாதி லோடை விட்டுவிட்டு ஏறிய உன் அப்பா. ரோட்டோரத்துச் சின்ன அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வராண்டாவில் இரண்டு பெஞ்சு நிறையக் கூட்டம். காலில் கட்டுப் போட்டவர், காய்ச்சல்காரர், ஊசிக்குக் கைப்பிள்ளையோடு வந்தவள், எல்லாரும் சுற்றுவட்டாரத்துக் கம்பெனி ஆட்கள். அவர்களோடு உன் அப்பாவும் மதினியும் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போனேன்.

உள்ளே இருந்த நர்ஸம்மா வெளியூர். நல்ல மனுஷி. மத்தியானம் முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை. "என்னம்மா, வாயைப் பூட்டி சாவியைத் தொலைச்சிட்டியா? வலிச்சா கத்தும்மா" என்றாள். "கத்துனா ஓடிருவாக" என்றேன். "யாரு?" "எல்லாரும்." அவள் சிரித்தாள். "இது ஆஸ்பத்திரிம்மா. கத்துறதைக் கேட்டுக் கேட்டு இங்க செவுத்துக்கே காது மரத்துப்போச்சு. இங்க ஒருத்தரும் ஓட மாட்டாங்க." எனக்கும் கத்த ஆசைதான். தொண்டை வரை வரும், வந்து நின்றுவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும். அப்புறம் அவள் சிரிப்பு போய்விட்டது. வயிற்றில் குழலை வைத்துக் கேட்டாள், இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். என் கன்னத்தில் லேசாகத் தட்டி, "இங்க பாரு. நீ மூச்சை அடக்க அடக்கப் பிள்ளைக்குத் துடிப்பு குறையுது. தைரியத்தை அப்புறம் காட்டலாம். இப்போ வாயைத் திற" என்றாள். மருந்து ஏதாவது கொடுங்கள் என்று அப்போது நான் கேட்டேன், மாரி. இந்தக் கதையில் யாருக்கும் சொல்லாத இன்னொரு இடம் இது. கெஞ்சியே கேட்டேன். அங்கே அப்போது இல்லை. இருந்திருந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன். உன் பெருமைக்கெல்லாம் இடமே இருந்திருக்காது.

உன் துடிப்பு குறைகிறது என்று கேட்டதும் கத்தினேன். அது என் தொண்டையிலிருந்து வந்த மாதிரி இல்லை, உள்ளங்காலில் இருந்து கிளம்பி வந்த மாதிரி இருந்தது. எனக்குள் அவ்வளவு பெரிய சத்தம் ஒன்று இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். சத்தம் ஓய்ந்த அடுத்த நொடி, வெளியே வராண்டாவில் தடதடவென்று முப்பது நாற்பது கால்களின் ஓசை. பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. அப்புறம் ஒரு ஈ காக்கை இல்லாத அமைதி. நர்ஸம்மா திகைத்துப்போய்க் கதவைப் பார்த்தாள். "என்னாச்சு?" என்றாள். "சொன்னேன்ல" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வலியில், அந்தக் கோலத்தில், அடக்க முடியாத சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே முக்கினேன், நீ வந்துவிட்டாய். எல்லாரும் அழுது பெறுவார்கள், நான் சிரித்துப் பெற்றேன். உனக்குக் கன்னத்தில் குழி விழுவது அதனால்தான் என்று நான் சொன்னால் நம்ப மாட்டாய்.

நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். அப்புறம் அழுதாய். நஞ்சுக்கொடியை எடுத்துப் போடப் போன நர்ஸம்மாவை நிறுத்தி, "எனக்குக் காட்டுங்க" என்றேன். "இதையெல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்றவள், தட்டைச் சாய்த்துக் காட்டினாள். வேரோடு பிடுங்கிய மரத்தைத் திருப்பி வைத்த மாதிரி கிளை கிளையாக நரம்பு ஓடியது. ஒன்பது மாசம் நீ அந்த மரத்தடியில் இருந்திருக்கிறாய். பிறகு அவள் உன்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "பையன் பொறந்திருக்கான்" என்று சொல்ல வராண்டாவுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "யாருகிட்டம்மா சொல்ல? செருப்பு மட்டும்தான் கெடக்கு" என்றாள். காலில் கட்டுப் போட்டவரும் ஓடியிருந்தார். கைப்பிள்ளைக்காரியும் ஓடியிருந்தாள். நாலு பெற்ற பேச்சியம்மா மதினியும் ஓடியிருந்தாள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் உன் அப்பா.

(இங்கே உன் அப்பா குறுக்கிடுகிறார். "ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற புளியமரம் வரைக்கும்தான்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன். எவ்வளவு தூரம் என்பதை நீ இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு முடிவு பண்ணிக்கொள்.)

ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, அவரவர் செருப்பை மட்டும் பார்த்து மாட்டிக்கொண்டு, கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அதனால்தான் இந்தக் கதை ஊரில் பரவவில்லை. சொல்ல வேண்டிய எல்லாரும் ஓடியவர்கள். உன் அப்பா நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். "எங்கய்யா போனீங்க?" என்றாள் நர்ஸம்மா. "டீ குடிக்க" என்றார். உன்னை நீட்டினாள். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் போன பிறகு, "காலைக் காட்டுங்க" என்றேன். மாட்டேன் என்றவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து உள்ளங்காலைப் பார்த்தால், இரண்டு கருவேலமுள். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அந்தக் கால், நடுவில் பிள்ளை பெற்று ஒரு மணி நேரம்கூட ஆகாத நான் முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். "டீக்கடைக்கும் நமக்கும் நடுவுல தார் ரோடுல்ல? தார் ரோட்டுல எப்பருந்து கருவேலம் மொளைக்குது?" என்று கேட்டேன். கேலிக்குத்தான் கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

அதற்கு முந்தின வருஷம் அவர் வேறொரு கம்பெனியில் இருந்தார். அங்கே ஒரு கத்தல் கேட்டு ஓடினவர்களில் அவரும் ஒருத்தர். கூட உட்கார்ந்து சாப்பிட்ட இன்னொருத்தர், என்ன சத்தம் என்று ஒரு நொடி எட்டிப் பார்த்தவர், வெளியே வரவில்லை. அன்றிலிருந்து உன் அப்பா காலுக்குத் தனியாகக் காது முளைத்துவிட்டது. "உன் சத்தம்னு எனக்குத் தெரியும் புள்ள. தெரிஞ்சும் கால் நிக்கல. உன்னை விட்டுட்டு ஓடிட்டேன்" என்றார். மூன்று நாள் உன்னைத் தூக்கவில்லை. நாலாம் நாள் நான் சொன்னேன், "நான் கத்தவே இல்லன்னு சொல்லிருவோம். கத்தாத எடத்துல யாரு ஓடப்போறா? நான் கத்தல, நீங்க ஓடல. சரியா?" "அப்ப டீ?" என்றார். "டீயை வச்சுக்கோங்க." அன்றைக்குத்தான் உன்னைக் கையில் வாங்கினார்.

அந்த மனிதருக்காகக் கட்டிய பொய் எனக்கும் ருசித்துவிட்டது, அதுதான் என் தப்பு. சத்தம் போடாமல் பெற்றவள் என்று நாலு பேர் சொல்லச் சொல்ல, நானே நம்பத் தொடங்கிவிட்டேன். நம் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி உனக்குத் தெரியும். அவள் தன் பெண்ணைப் பெற்றபோது முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பெற்றாளாம். பார்க்கப் போன என்னிடம், "உங்களை மாதிரியே இருந்தேன் மதினி" என்றாள். உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தது. நான் சிரித்து, கருப்பட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டாமா? அதற்கப்புறமும் வாயைத் திறக்கவில்லை. கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் இருந்ததால் உன் துடிப்பே குறைந்தது. அதைத் தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். அதையே பெருமையென்று இன்னொரு பெண்ணிடம் விற்றேன்.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான், லே. டாக்டரம்மாவிடம் நீ சொன்ன என் பேரைத் திருப்பி வாங்கிக்கொள். ஊசி வேண்டுமா, வேண்டாமா, ஆபரேஷன் என்று வந்தால் என்ன என்பதையெல்லாம் நந்தினியும் டாக்டரம்மாவும் பேசிக்கொள்ளட்டும். வலி வருவது அவள் இடுப்பில். ஒன்றும் இல்லாமல் பெற அவளுக்கே ஆசை இருந்தால் பெறட்டும், அதுவும் நல்லதுதான். அந்த வலியில் பார்க்கவும் கேட்கவும் எவ்வளவோ இருக்கிறது, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஆனால் அவள் உன் அம்மா மாதிரி இருக்க வேண்டியதில்லை. உன் அம்மாவே அப்படி இல்லை.

முந்தாநாள் பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்கு, நந்தினியின் தாய்வீட்டுக்குப் போனேன். உனக்கு முன்னால் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். வராண்டாவில் செருப்பு மட்டும் கிடந்த இடம் வந்ததும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். "மாமா எம்புட்டுத் தூரம் ஓடுனாக?" "புளியமரம்னு சொல்லுதாக. ஆனா புளியமரத்தைத் தாண்டித்தான் கருவேலங்காடே ஆரம்பிக்குது." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வளையல் அத்தனையும் குலுங்கியது. அவ்வளவு சத்தம் அந்தக் கையில் இருந்ததா என்று நானே அசந்துபோனேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுகளும் ஓடிருவாகளா அத்தை?" என்றாள். சிரிப்புக்குள் வைத்துத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள், அடுப்படியில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியல தாயி" என்றேன்.

நிஜமாகவே தெரியவில்லை. நீயும் இந்த ஊர்க் காலில் வளர்ந்தவன்தானே. இதை எழுதும்போது உன் அப்பாவிடம் கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்க, எங்கன போய் நின்னீக?" என்று. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் நின்றாராம். திரும்பிப் பார்த்தாராம், புகை இல்லை. அப்போது உன் அழுகை கேட்டதாம். அவ்வளவு தூரத்துக்கா என்றேன், கேட்டது என்கிறார். சத்தம் கேட்டால் வெளியே ஓடத்தான் அந்தக் காலுக்குத் தெரியும், அன்றைக்கு ஒரு சத்தத்தைக் கேட்டு உள்ளே ஓடி வந்தேன், அதனால்தான் இரண்டாவது முள் என்றார். முதல் முள் போகும்போது, இரண்டாவது வரும்போது. "அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஆகையால் லீவு சொல்லிவிட்டு, வலி வருவதற்கு முன்னாலேயே வந்து சேர். அவள் கத்துவாள், நன்றாகக் கத்தச் சொல்லியிருக்கிறேன். உன் கால் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஓடினாலும் நான் திட்ட மாட்டேன், ஓடிய வேகத்தில் திரும்பி வந்துவிடு. செருப்பை வராண்டாவில் கழற்றிப் போடு. நான் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, தாலிக்கயிற்றில் ஊக்கோடு கதவருகே உட்கார்ந்திருப்பேன்.